எனக்கு வேணும்

காலை ஏழே முக்காலுக்கு என் மகன் பைக்கை வெளியே எடுப்பான். பையை மாட்டி, ஹெல்மெட்டை மாட்டி, வண்டியையும் கிளப்பிய பிறகுதான் எனக்கு அடுப்படியை விட்டு வெளியே வர நேரம் கிடைக்கும். "நில்லுல, நில்லுல" என்று கத்திக்கொண்டே ஓடுவேன். "ஹெல்மெட் மேலயே போடும்மா, நேரமாச்சு" என்பான், திரும்பிக்கூடப் பார்க்காமல். சரி என்று நானும் ஈரக் கட்டைவிரலால் ஹெல்மெட்டின் நெற்றியில் ஒரு சிலுவை போட்டு அனுப்பிவிடுவேன். அந்த ஈரம் வெயிலில் காய்வதற்குள் அவன் தெருமுனையைத் தாண்டியிருப்பான். அவ்வளவு கெட்டியான ஓட்டைத் தாண்டி ஆசீர்வாதம் உள்ளே இறங்குமா என்று என் தங்கை கேலி செய்வாள். அவளுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள், ரெட்டைச்சடை போட்டுக்கொண்டு நெற்றியைத் தானாகவே கொண்டுவந்து நீட்டும், அவளுக்கு என்ன தெரியும்.

இந்தச் சிலுவை எங்கள் வீட்டில் எந்தத் தலைமுறையில் தொடங்கியது என்று சொல்ல ஆள் இல்லை. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது இரவு ஜெபமாலை முடிந்ததும் நாங்கள் வயது வரிசையில் எழுந்து, பெரியவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் கை கூப்பி "சர்வேசுரனுக்குத் தோத்திரம் ஆச்சி", "சர்வேசுரனுக்குத் தோத்திரம் அப்பா" என்று சொல்ல வேண்டும். அவர்கள் நெற்றியில் கட்டைவிரலால் சின்னதாய் ஒரு சிலுவை போட்டு "ஆசீர்வாதம்" என்பார்கள். தெருவில் சாமியாரைப் பார்த்தாலும் இதேதான், "தோத்திரம் சாமி" என்று ஓடிப்போய் நிற்போம். இதில் ஒரு சங்கடம் உண்டு. சாயந்திரம் அடித்த கை எதுவோ, ராத்திரி ஆசீர்வாதம் வாங்க வேண்டிய கையும் அதுதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மா முன்னால் போய் நிற்பேன். முகத்தைப் பார்க்க மாட்டேன். அம்மாவும் ஒன்றும் பேச மாட்டாள், ஆனால் அன்றைக்கு மட்டும் விரல் நெற்றியில் கொஞ்சம் அதிக நேரம் இருக்கும். மன்னிப்பு கேட்கிற பழக்கமெல்லாம் எங்கள் வீட்டில் கிடையாது, இருந்ததெல்லாம் இதுதான்.

அப்பா தோணியில் தண்டல். தூத்துக்குடிக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், தோணி என்றால் நாலு பேர் துடுப்பு போடுகிற படகு இல்லை. எங்கள் பழைய துறைமுகத்திலிருந்து காய்கறி, வெங்காயம், சிமெண்டு, கட்டுமானச் சாமான் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போகிற மரக்கப்பல், அதை நடத்துகிறவர் தண்டல். அவர் கிளம்பும் நாளில் ஆச்சி வாசலில் நின்று அவர் நெற்றியில் சிலுவை போடுவாள். அவ்வளவு பெரிய ஆள், மீசையோடு குனிந்து நிற்பார். துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது பனிமய மாதா கோயில் இருக்கும் பக்கமாகத் திரும்பி இன்னொரு சிலுவை போட்டுக்கொள்வார் என்று அவரோடு போனவர்கள் சொல்வார்கள். அப்புறம் உடனே போய்ச் சரக்கு கட்டிய கயிற்றின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பாராம். மாதாவிடம் சொல்லிவிட்டுத்தானே வந்தீர்கள், பிறகு எதற்கு முடிச்சு என்று ஒரு பையன் கேட்டதற்கு, "மாதா மேல நம்பிக்கை இருக்கு, உன் முடிச்சு மேல இல்ல" என்று சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஓடுகிற வசனம். பரீட்சைக்கு முந்தின நாள் படிக்காமல் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தால் எனக்கும் அதேதான் விழும்.

ஜெபமாலை என்றதும் எல்லாரும் கண்மூடி உருகுவதாக நினைத்துவிட வேண்டாம். 53 அருள் நிறைந்த மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் வீட்டில் ஒரு குக்கர் கூவும், ஒரு பிள்ளை தூங்கி விழும், பக்கத்து வீட்டில் சீரியல் பாட்டு தொடங்கும். செவ்வாயும் வெள்ளியும் இயேசுவின் பாடுகளை நினைக்கிற துக்க மறைபொருள்கள், அன்றைக்குத்தான் சிரிப்பு அதிகமாக வரும், ஏனென்று தெரியாது. போதாக்குறைக்கு எங்கள் வீட்டில் ஒரே ஜெபத்தை மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மா சின்ன வயதில் படித்தது "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க". எனக்கு வாயில் ஊறியது "அருள் நிறைந்த மரியே வாழ்க". மகன் மறைக்கல்வி வகுப்பில் கற்றுக்கொண்டது "அருள் மிகப் பெற்ற மரியே வாழ்க". மூன்றும் ஒரே நேரத்தில் கிளம்பி, "வாழ்க" என்ற இடத்தில் மட்டும் ஒன்றாக வந்து சேரும். பிரியதத்தம் என்றால் என்ன என்று நான் ரொம்ப நாள் யோசித்ததே இல்லை. பிரியத்தோடு தத்தம் செய்தது, அன்பாய்க் கொடுத்தது. அருள் என்பதற்குப் பழைய ஆட்கள் பிடித்து வைத்திருந்த சொல். என்ன அழகான சொல், அதைப் போய் விட்டுவிட்டோமே என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

அப்புறம் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் என்றால் அந்தோனியார். பதுவை அந்தோனியார் இறந்தது 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. அடக்கம் செய்தது அடுத்த செவ்வாய். அதை வைத்துத்தான் செவ்வாய் அவர் நாளாயிற்று. அவர் கோயில் இருக்கிற புளியம்பட்டிக்கும் உவரிக்கும் செவ்வாய்க்கிழமைகளில் போகிற பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் தெரியும், கத்தோலிக்கர் மட்டுமா வருகிறார்கள், பொட்டு வைத்த பெண்கள்தான் பாதிக்கு மேல் இருப்பதாக எனக்குத் தோன்றும். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் வேலை. அவருடைய சங்கீதப் புத்தகத்தை ஒரு சிறு துறவி எடுத்துக்கொண்டு ஓடிப்போய், பிறகு பயந்து திருப்பிக் கொண்டுவந்து கொடுத்ததாகக் கதை. அதிலிருந்து உலகத்துச் சாவி, மூக்குக் கண்ணாடி, ரேஷன் கார்டு எல்லாம் அவர் தலையில். அம்மா அவரிடம் பேசுவதைக் கேட்க வேண்டும், ஏதோ கடன் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி இருக்கும்: "அந்தோனியாரே, அந்த ரேஷன் கார்ட எடுத்துக் குடுத்துரும், பத்து ரூபா போடுறேன்." எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் அது கால் ரூபாயாக இருந்தது. அரிசி விலை ஏற ஏற அவருக்கும் ஏற்றினாள். நியாயமான மனுஷி.

இப்படியே நானும் வளர்ந்தேன். வளர்ந்தபோது என்னிடம் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. நிஜ நோட்டு இல்லை, மனசுக்குள். வேலையே கணக்கெழுதுவதுதான், ஒரு தனியார் நிறுவனத்தில், அதனாலோ என்னவோ. கேட்டது, கொடுத்தது, பாக்கி. கல்யாணத்துக்கு ஒரு நவநாள் (ஒன்பது நாளோ ஒன்பது வாரமோ விடாமல் செய்கிற ஜெபம்), வரன் அமைந்தது, வரவு. மகன் பிறந்தது, வரவு. வீட்டு லோன், ஒன்பது சனிக்கிழமை மாதா கோயில், வரவு. ஆசீர்வாதம் என்றால் வரவு என்றே நினைத்திருந்தேன். இது எனக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை. மாடி எடுத்த வீட்டைத்தானே ஆசீர்வாதமான வீடு என்கிறோம், ஓட்டு வீட்டை யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? இந்தப் படத்தைப் பதினோரு பேருக்கு அனுப்பினால் இன்றைக்குள் நற்செய்தி வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை அனுப்புகிறவர்களைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஆனால் ஒன்பது சனிக்கும் பதினோரு பேருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

2011இல் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு டயாலிசிஸ், அப்புறம் மூன்று. கடலில் நாற்பது வருஷம் நின்ற ஆளை ஒரு படுக்கையில் ஒரு குழாயோடு கட்டிப் போட்டு, ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் தண்ணீர் என்று அளந்து கொடுத்தார்கள். நான் அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய் நவநாள் தொடங்கினேன். அது போதாது என்று வேளாங்கண்ணி மாதாவிடமும் ஒரு பொருத்தனை: அப்பாவை எழுப்பி வாசல் வரை நடக்க வைத்துவிடு, நான் தூத்துக்குடியிலிருந்து உன் வாசல் வரை நடந்து வருகிறேன். பேரம் சுத்தமாக இருந்தது என்றுதான் நினைத்தேன், நடைக்கு நடை. ஆறாவது செவ்வாய் முடிந்து மூன்றாம் நாள், ரத்தத்தில் கிருமி ஏறி, அப்பா போய்விட்டார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரியும், எல்லா வீட்டிலும் அதையேதான் சொல்வார்கள். கடவுள் சித்தம், நல்லவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார், இனிமேல் அவர் பரலோகத்தில் உங்களுக்காக மன்றாடுவார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். ஏழாவது செவ்வாய் நான் கோயிலுக்குப் போகவில்லை. எட்டாவதும் இல்லை. ஞாயிறு பூசைக்கு மட்டும் மகனுக்காகப் போய், கடைசித் தூண் பக்கத்தில் நின்று, நற்கருணை வாங்காமல் வந்துவிடுவேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கடையில் ஏமாந்தவள் அந்தக் கடை வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாளே, அந்த மாதிரி.

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது அப்பா சுனாமி அன்றைக்குச் சொன்ன ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. நடுவில் இலங்கை மறைத்து நின்றதால் எங்கள் பக்கம் பெரிய அழிவு இல்லை. வேளாங்கண்ணியில் கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள், கடை வைத்திருந்தவர்கள் என்று நூற்றுக்கணக்கில் போய்விட்டார்கள். கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெருவில் எல்லாரும் மாதா காப்பாற்றிவிட்டாள், கோயில் படியைத் தண்ணீர் தொடவில்லை பார்த்தீர்களா என்று பேசிக்கொண்டிருந்தபோது அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டே, "அப்போ கரையில நின்னவங்களுக்கு மாதா யாரு?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி அவரேதான் ஜெபமாலையைத் தொடங்கினார், வழக்கமாக அம்மா தொடங்குவாள். செத்தவர்களுக்காக என்று சொல்லித் தொடங்கினார். கேள்வி கேட்டவரும் அவர்தான், மணியை உருட்டியவரும் அவர்தான். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால்தான் மணியைத் தொடுவேன் என்று அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை. எனக்கு மட்டும் ஏன் அது முடியவில்லை என்பதுதான் என்னை அரித்தது.

திருப்பம் என்று ஒன்று வந்திருந்தால் எழுத வசதியாக இருக்கும். வரவில்லை. ஒரு தவக்காலத் தியானத்தில், அதுவும் மகனைக் கூட்டிக்கொண்டு போனதால் உட்கார வேண்டியிருந்த தியானத்தில், சாமியார் சவேரியாரைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் எங்கள் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வேதம் போதிக்க வந்தவர், மணப்பாட்டில் கடலோரம் அவர் தங்கி ஜெபித்த குகை இருக்கிறது, இதெல்லாம் எங்கள் ஊரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இது தெரியாது. அவருக்குத் தமிழ் வராது. போர்த்துக்கீசும் தமிழும் தெரிந்த ஆட்களைப் பிடித்து உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம் எல்லாவற்றையும் பெரும்பாடுபட்டுத் தமிழாக்கி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒரு நாள் இதே கடற்கரையில் தன்னோடு உழைத்த பிரான்சிஸ்கு மான்சிலாஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு திருத்தம் சொல்கிறார்: விசுவாசப் பிரமாணத்தில் "எனக்கு வேணும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், இனிமேல் அந்த இடத்தில் "விசுவாசம்" என்று சொல்லுங்கள், வேணும் என்றால் விரும்புகிறேன் என்று பொருளாம், கடவுளை விரும்புகிறேன் என்பதைவிட விசுவசிக்கிறேன் என்பதுதானே சரி.

கோயிலில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வெகுநாளைக்குப் பிறகு. அப்படியென்றால் கொஞ்ச காலமாவது எங்கள் முப்பாட்டன்கள் ஈரத்தலையோடு கடற்கரையில் நின்றுகொண்டு, சர்வேசுரன் எனக்கு வேணும், சர்வேசுரன் எனக்கு வேணும் என்று பிழையாகவே சொல்லியிருக்கிறார்கள். (அடுத்து வந்த அன்றீக்கஸ் சாமியார் தமிழை ஒழுங்காகப் படித்து, 1578இல் தம்பிரான் வணக்கம் என்று புத்தகமே அச்சடித்துவிட்டார், அவர் காலத்தில் இந்த வம்பெல்லாம் இருந்திருக்காது.) சாமியார் அதை வைத்துச் சொன்ன கருத்து, நம் ஜெபமெல்லாம் இன்னும் வேணும் வேணும் என்றே இருக்கிறது, விசுவாசத்துக்கு மாற வேண்டும் என்பது. நல்ல கருத்துதான். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. சவேரியார் திருத்தியது இலக்கணப்படி சரி. ஆனால் அந்தப் பிழையில் என்ன தப்பு? அவர்கள் வலை நிறைய மீன் வேணும் என்று சொல்லவில்லையே, சர்வேசுரன் வேணும் என்றல்லவா சொன்னார்கள். என் முப்பது வருஷ நவநாட்களில் வரன் வேணும், பிள்ளை வேணும், லோன் வேணும், அப்பா வேணும் என்று எல்லாம் இருந்தது. அந்த ஒரு பிழையை மட்டும் நான் செய்ததே இல்லை.

கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அன்றாட உணவைத் தாரும் என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் இயேசுவேதான். அம்மா அப்புறமும் அந்தோனியாரிடம் சாவி கேட்டாள், நானும் கேட்கிறேன். நோட்டு மட்டும்தான் கிழிந்தது.

அம்மாவிடம் அந்தப் பொருத்தனையைப் பற்றிக் கேட்டேன். அப்பா எழும்பவில்லை, அதனால் நடக்க வேண்டியதில்லை, அப்படித்தானே? அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏட்டி, மாதாகிட்ட வாறேன்னு சொன்னியா, இல்ல கூலிக்கு வாறேன்னு சொன்னியா?" என்றாள். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

2014 ஆகஸ்டில் ஒரு பாதயாத்திரைக் குழுவோடு நடந்தேன். கொடியேற்றம் ஆகஸ்ட் 29, அதற்குள் போய்ச்சேர வேண்டும். 300 கிலோமீட்டருக்கு மேல், கிழக்குக் கடற்கரைச் சாலையில், காவிச் சேலை, சின்னதாய் மாதா சப்பரம் வைத்த தள்ளுவண்டி, அதில் ஒரு ஸ்பீக்கர். வேம்பார், சாயல்குடி, ராமநாதபுரம் என்று போகப் போக முதல் மூன்று நாள் ஜெபம் நன்றாக வந்தது. நான்காம் நாள் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அப்புறம் என் ஜெபமெல்லாம் நிழல் வேணும், ஒரு மோர் வேணும் என்பதுதான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தொண்டிப் பக்கம் ஒரு முஸ்லிம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். கேட்காமலே ஒரு பெரியம்மா வாளியில் தண்ணீரும் ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் கொண்டுவந்து வைத்து, "காலைக் காட்டும்மா" என்றார். நான் கூச்சப்பட்டு இழுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. யாருக்காக நடக்கிறாய் என்று கேட்டார். அப்பாவுக்காக என்றேன். சுகமாயிட்டாரா என்றார். இல்லை, இறந்துவிட்டார், மூன்று வருஷமாகிறது என்றேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், பைத்தியமோ என்று நினைத்திருக்கலாம், அப்புறம் "அல்லாஹ் ஏத்துக்கிடுவான்" என்று சொல்லிவிட்டு அடுத்த காலுக்குப் போனார். ஓரியூரில் அருளானந்தர் என்ற போர்த்துக்கீசியச் சாமியார் தலை வெட்டுண்ட இடத்துச் செம்மண்ணை எல்லாரும் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டார்கள். அவர் இறந்தது 1693 பிப்ரவரி 4. நானும் ஒரு பொட்டலம் எடுத்தேன். பதினோராம் நாள் மாதா முன்னால் போய் நின்றபோது கேட்க ஒன்றும் இல்லாமல் இருந்தது. வாங்க வந்தவள் இல்லை, கொடுத்துத் தீர்க்க வந்தவளும் இல்லை. சும்மா நின்றேன். பின்னால் நின்றவர்கள் தள்ளியதால் நகர்ந்தேன்.

புத்தாண்டு நள்ளிரவுப் பூசையில் வருஷா வருஷம் முதல் வாசகம் ஒன்றேதான், எண்ணிக்கை ஆகமத்திலிருந்து, ஆரோனும் அவர் பிள்ளைகளும் மக்களை எப்படி ஆசீர்வதிக்க வேண்டும் என்று கடவுள் மோசேக்குச் சொல்லிக்கொடுக்கிற பகுதி. தூக்கக் கலக்கத்தில் அதைக் கவனித்ததே இல்லை. கவனித்தால் அதில் ஆடு, மாடு, தானியம், பிள்ளை, மாடிவீடு எதுவும் கிடையாது. ஆண்டவர் உன்னைக் காப்பாராக என்கிறது, அமைதி தருவாராக என்கிறது. ஆனால் இரண்டு முறை வருவது ஆண்டவருடைய முகம்தான். அந்த முகம் உன்மேல் ஒளிரட்டும், அந்த முகம் உன் பக்கம் திரும்பட்டும். நம் வீடுகளில் மனஸ்தாபம் தீர்ந்ததை எப்படிச் சொல்வோம்? அவர் இப்போது முகம் கொடுத்துப் பேசுகிறார் என்போம். கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் சாப்பிட்டாலும் ஒருத்தர் முகம் கொடுத்துப் பேசாவிட்டால் அந்தச் சாப்பாடு இறங்காது. அடி வாங்கிய ராத்திரிகளில் அம்மா விரல் நெற்றியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றதே, அது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

2020 மார்ச் 27 ராத்திரி பத்தரை மணி. ஊரடங்கு தொடங்கி மூன்றாம் நாள். ரோமில் அப்போது சாயங்காலம். மழையில், ஒரு ஆள் இல்லாத பேதுரு சதுக்கத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நடந்து வந்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நற்கருணைக் கதிர்ப்பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்து, வெறும் கற்களுக்கு முன்னால், நகருக்கும் உலகுக்கும் என்று ஆசீர்வாதம் கொடுத்தார். மணியோசையோடு ஆம்புலன்ஸ் சத்தமும் கேட்டது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நின்றாள், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. மறுநாள் நோய் குறைந்ததா? கூடிக்கொண்டேதான் போயிற்று. எங்கள் சொந்தத்திலேயே இரண்டு பேர் அடுத்த வருஷம் போனார்கள். ஆசீர்வாதம் பலிக்கவில்லை என்று பழைய நோட்டு இருந்திருந்தால் எழுதியிருப்பேன். அன்றைக்கு எனக்குத் தோன்றியது, ஆச்சி வாசலில் அப்பாவுக்குச் சிலுவை போட்ட காட்சிதான். தோணி போய்ச் சேருமா என்று தெரிந்தா போட்டாள்? தெரியாமல்தான் போட்டாள். தெரிந்திருந்தால் அதற்கு அவசியமே இல்லையே.

பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. மகன் இரவு எட்டரைக்கு வர வேண்டியவன் ஒன்பதே காலுக்கு வந்தால் அந்த முக்கால் மணி நேரத்தில் நான் எத்தனை முறை போன் செய்வேன் என்று அவனைக் கேளுங்கள். ஹெல்மெட் சிலுவை விபத்தைத் தடுக்கும் என்று நான் நினைக்கவில்லை. தலையைக் காக்க ஹெல்மெட் இருக்கிறது, விபத்தைத் தடுக்கப் பிரேக் இருக்கிறது, அவன் அப்பா மாதம் ஒரு தடவை டயரைப் பார்க்கிறார். முடிச்சை இழுத்துப் பார்க்கிற வேலை அது. சிலுவை வேறு வேலை.

அம்மாவுக்கு இப்போது எண்பது. மூன்று வருஷமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது. முதலில் பணம் வைத்த இடம் போயிற்று. அந்தோனியார் அந்தச் சமயத்தில் ரொம்ப உழைத்தார். அப்புறம் கிழமைகள். அப்புறம் அப்பா இறந்தது. "இன்னும் தோணி வரலையா" என்று கேட்பாள், முதலில் ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லி அழவைத்துக்கொண்டிருந்தேன், இப்போது "காத்து சரியில்லம்மா" என்கிறேன். இந்த வருஷம் நானும் போய்விட்டேன். "நீங்க யாரு, எந்தத் தெரு" என்று மரியாதையாகக் கேட்கிறாள். என்னை வாழ்நாளில் நீங்க என்று கூப்பிடாதவள்.

ஜெபமாலை மட்டும் போகவில்லை. அதிலும் நடுவில் கற்றுக்கொண்ட புதுச் சொற்களெல்லாம் உதிர்ந்து, அடியில் கிடந்த பழையது மட்டும் நிற்கிறது. நான் "அருள் நிறைந்த" என்று தொடங்கினால் அவள் குழம்புவாள். அதனால் நாங்கள் எல்லாரும், என் மகன் உள்பட, இப்போது "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்றுதான் சொல்கிறோம். அவனுக்கு அந்தச் சொல்லில் நாக்கு இரண்டு தடவை தடுக்கும். பரவாயில்லை.

நேற்று ராத்திரி முடித்ததும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "சர்வேசுரனுக்குத் தோத்திரம் அம்மா" என்றேன். அவள் கை தானாக மேலே வந்தது. கட்டைவிரல் என் நெற்றியைத் தேடி, புருவத்தில் இடித்து, சரியான இடத்துக்கு வந்து, சிலுவை போட்டது. பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"யாரு பெத்த பிள்ளையோ" என்றாள். "நல்லா இரு. சாப்பிட்டியா?"